பட்டித்திடலில் நட்ட கன்றுகள்

கீழ்ப்பிரிவு, வெலிங்டேல் தோட்டம்
06.07.2025

அன்புத் தம்பி சுதாகரனுக்கு,

அக்கா ஜீவராணி எழுதுவது. நானும் உன் மச்சான் வீரய்யாவும் மகள் தனுஜாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மச்சானுக்குப் போன வார மழையில் மூச்சு இழுப்பு எடுத்தது, இப்போது பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சோறு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன் இருக்கிற காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். கீழ்ப்பிரிவில் சிக்னல் எடுக்க வேண்டுமென்றால் மலை மேலே தண்ணீர்த் தொட்டிவரை ஏற வேண்டும். ஏறி, மூச்சு வாங்க, "தம்பி" என்றால், "மீட்டிங்ல இருக்கேன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அல்லவா? அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவர் வெடிப்பில் இப்போது என் கை மணிக்கட்டுவரை போகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் மண்சரிவு ஆபீஸ்காரர்கள் வந்து, காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, "மழை பெஞ்சா இங்க படுக்காதீங்க" என்று சொல்லிப் போனார்கள். எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. அப்புறம்தான் தோட்டத்துத் துரை, பழைய மாட்டுப்பட்டி இருந்த பட்டித்திடலை எங்கள் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வீடு கட்டத் தருவதாக எழுதிப் பிரதேச சபைக்கு அனுப்பினார். அது சமதரை. தேயிலையும் இல்லை. அந்தப் பைல் போனது போனதுதான்.

இப்போது நீ அந்தச் சபையிலேயே இருக்கிறாய். இந்த லயத்திலிருந்து ஆபீசுக்குப் போன முதல் ஆள். பைல் எந்த மேசையில் தூங்குகிறது என்று பார்த்து எழுது. ஐப்பசி மழைக்கு முன் தகரக் கொட்டகையாவது போட்டுக்கொண்டு அங்கே போய்விட வேண்டும். பெரிய வீடெல்லாம் நான் கேட்கவில்லை.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா ஜீவராணி


19.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மச்சானைச் சுடுதண்ணீரே குடிக்கச் சொல்லுங்கள். தனுஜா பரீட்சைக்குப் படிக்கிறாளா?

இங்கே பெரிய வேலையொன்று என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் சபை, 2030ஆம் ஆண்டுக்குள் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தை நூற்றுக்கு முப்பது வீதம் குறைப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. மாகாணத்திலேயே நாங்கள்தான் முதல். புகை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மழை காலம் தப்பி, அளவு தப்பிப் பெய்யும். நீங்கள் பயப்படுகிற மழையே அதுதான். அதைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம். திட்ட உத்தியோகத்தராக என்னைப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஒப்பந்தம்தான், ஆகஸ்ட் முடிவுக்குள் ஆவணங்களைக் கொடுத்து, திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் நிரந்தரமாக்குவதாகச் சபையின் தவிசாளர் சொன்னார்.

சபையின் ட்ராக்டரையும் லொறிகளையும் மாற்ற இப்போது வழியில்லை. அதனால் மரம் நட்டு, மரம் உறிஞ்சும் காபனை எங்கள் கணக்கில் காட்டப் போகிறோம். உங்கள் தோட்டத்திலும் சும்மா கிடக்கும் நிலத்தில் நடுகிறோம். அதற்கு மக்களின் சம்மதம் வேண்டும். காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில் வைத்து, வீட்டுக்கு ஒருவர் என்று கையொப்பம் வாங்கித் தருவீர்களா? மூன்று தாள்கள் அனுப்புகிறேன். முதல் இரண்டையும் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் சொல்லைத்தான் அங்கே கேட்பார்கள்.

வீட்டுப் பைலைப் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி,
சுதாகரன்


10.08.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மச்சான் சுடுதண்ணீர் குடிக்கிறார், கூடவே பீடியும் குடிக்கிறார். அந்தப் புகையையும் உன் சபை குறைத்துக் கொடுத்தால் நல்லது.

நீ கேட்டதை முடித்துவிட்டேன். நேற்றுக் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால், வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயாவிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி நின்றேன். "நம்ம சுதாகரன் அனுப்பின தாளு. மரம் நடப் போறாங்களாம், மழையக் கொறைக்குமாம். கையெழுத்து வைங்க" என்றேன். வரிசையாக வந்தார்கள். தோட்டத் தலைவர் அழகன் அண்ணன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா ஜீவராணி, மூணாவது தாளு இங்கிலீசுல இருக்கே. என்னான்னு போட்டிருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நம்ம புள்ள கொண்டாந்த தாளையே வாசிச்சிக் காட்டச் சொன்னா எப்புடி அண்ணே? கம்பெனிக்காரன் நீட்டினா மட்டும் கண்ண மூடிக்கிட்டு வைக்கிறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வைத்துவிட்டார். பக்கத்துக் காம்பரா லெட்சுமிக்கு எழுதத் தெரியாது. கூச்சப்பட்டுப் பின்னால் நின்றாள். நான்தான் அவளுடைய பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து, தாளில் வைத்தேன். "என் வெரலுக்கும் கெவுமெண்டுல மதிப்பு இருக்கு" என்று நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இருபத்திரண்டும் வந்துவிட்டது. தாள்களை உனக்குத் தபாலில் சேர்த்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இரண்டு விஷயம். எந்த இடத்தில் நடுகிறீர்கள் என்று அழகன் அண்ணன் கேட்கிறார், எழுது. வீட்டுப் பைல் என்ன ஆயிற்று?

அக்கா ஜீவராணி


28.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

கையொப்பங்கள் நேரத்துக்குக் கிடைத்தன. திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனக்கு நிரந்தர நியமனக் கடிதமும் வந்துவிட்டது, அக்கா. நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஹட்டனுக்குப் போனபோது தனுஜாவுக்கு ஒரு சப்பாத்தும் மச்சானுக்கு ஒரு குளிர்ச்சட்டையும் வாங்கினேன், பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

இடத்தைத் தோட்ட நிர்வாகம்தான் தீர்மானிக்கும். காலநிலை மாறும் நேரம், நனையாமல் இருங்கள்.

அன்புத் தம்பி,
சுதாகரன்


12.10.2025

தம்பி சுதாகரனுக்கு,

உன் சுகத்தை அறிய ஆசை. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சப்பாத்து தனுஜாவுக்கு அளவாக இருந்தது.

புதன்கிழமை பட்டித்திடலில் முளை அடித்துக் கம்பி கட்டினார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் அளக்க வந்துவிட்டார்கள் என்று லெட்சுமியும் நானும் கொழுந்துக் கூடையோடு ஓடிப்போய்ப் பார்த்தோம். மரம் நடக் குழி வெட்டுகிறார்கள். வீட்டுக்கு அளக்கிறவர்களுக்கென்று லெட்சுமி ஊற்றிக் கொண்டுபோன தேத்தண்ணீரை அவர்கள் குடித்துவிட்டார்கள், அவள் வெறும் போத்தலோடு திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை விழா. தவிசாளர் வந்தார், மற்றவர்கள் வந்தார்கள், ஏழு ஜீப். உறுமிக்கொண்டே நின்றன, குளிர் மெஷினுக்காக நிறுத்தவில்லையாம். எங்கள் லயம் முழுவதுக்கும் ஒரு ஆட்டோ இருக்கிறது, தம்பி. அதுவும் மாதத்தில் பாதிநாள் ஓடாது. நாங்கள் எந்தப் புகையை விட்டோம், எங்கள் இடத்தில் வந்து அதைக் கழுவுகிறார்கள்? நீ வருவாய் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அழகன் அண்ணன் எழுந்து, "இது எங்களுக்கு வீட்டுக்குச் சொன்ன எடம்" என்றார். அதற்கு ஒரு ஐயா அந்த மூன்றாவது தாளைத் தூக்கிக் காட்டி, "முப்பது வருசத்துக்கு இந்தக் காணிய வீட்டுக்கோ வேற எதுக்கோ கேட்க மாட்டோம்னு நீங்கதானே கையெழுத்து வச்சிருக்கீங்க" என்றார். முதல் கையெழுத்து என்னுடையது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

இப்போது பீலிக்கரையில் நான் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுபோகிறது. லெட்சுமி ஒருத்திதான் பழையபடி வந்து உட்காருகிறாள். "என் தம்பிக்கு இது தெரிஞ்சிருக்காது, அவனையும் ஏமாத்தியிருப்பாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று நீ ஒரு வரி எழுது. அதை நான் பெரட்டில் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரி போதும்.

அக்கா


09.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத முடியாமல் போயிற்று. நுவரெலியாப் பக்கம் காடு வளர்ப்பைப் பார்க்க அதிகாரிகளோடு போயிருந்தேன். குளிரில் சளி பிடித்துவிட்டது, வேறொன்றுமில்லை. நீங்கள், மச்சான், தனுஜா எல்லோரும் சுகமா?

நீங்கள் எழுதிய விடயம் சம்பந்தமாக: காணி தெரிவு நிர்வாக மட்டத்தில் செய்யப்பட்டது. குடியிருப்பாளர்களுக்கு மாற்றுக் காணி ஒதுக்குவது குறித்து அடுத்த காலாண்டில் பேசப்படலாம். கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். மற்றதை நேரில் வரும்போது பேசுவோம்.

மழை பலமாக இருந்தால் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுங்கள்.

அன்புத் தம்பி,
சுதாகரன்


பாடசாலை மண்டபம், வெலிங்டேல்
07.12.2025

தம்பிக்கு,

நானும் மச்சானும் தனுஜாவும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மிச்சத்தை நீ பதறாமல் வாசிப்பாய்.

மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் நாளே இங்கே வந்தோம். மண்டபத்தில் மேல்பிரிவு ஆட்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள், நிற்க இடமில்லை. பிள்ளைகளையும் நோயாளிகளையும் மட்டும் உள்ளே விட்டார்கள். மச்சானுக்கு இழுப்பு என்பதால் அவரோடு எங்களை விட்டார்கள். லெட்சுமியும் அவள் புருஷன் சின்னத்தம்பியும் வராந்தாவில் நனைந்துகொண்டு நின்றார்கள். விடிந்ததும் லெட்சுமி, "காம்பராவுலயாவது காய்ஞ்ச எடம் இருக்கு, ஒரு ரொட்டியச் சுட்டுக்கிட்டு வந்துர்றோம்" என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் போகாதே என்றேன். "பின்ன எங்க போறது ஜீவராணி?" என்றாள்.

காலை ஒன்பது மணிக்கு லயத்தின் தெற்குப் பக்கம் நான்கு காம்பராவும் மண்ணோடு போயின. லெட்சுமியையும் சின்னத்தம்பியையும் மறுநாள் எடுத்தார்கள். மண் எடுக்க மெஷின் வர வழியில்லை, நாங்களே மண்வெட்டியால் எடுத்தோம். அவள் கையை முதலில் பார்த்தது நான்தான்.

பட்டித்திடலில் ஒன்றுமில்லை. ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. பாதை திறந்தால் வா.

ஜீவராணி


16.12.2025

அக்காவுக்கு,

இதோடு நான்கு போர்வை, அரிசி, மச்சானுக்கு இழுப்பு மருந்து. லொறிக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவும் பகலும் நிவாரண வேலை, லீவு தருகிறார்கள் இல்லை. பாதை திறந்துவிட்டது, தெரியும். வருகிறேன். செய்தி கேட்ட நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

சுதாகரன்


04.01.2026

தம்பி,

போர்வையை வராந்தாவில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மருந்து மச்சானுக்குக் கேட்கிறது.

நீ வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. பொங்கலுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்து சோறு தின்பதற்கு வராதே. எனக்கு ஒன்று மட்டும் எழுது. அந்த மூன்றாவது தாளை அனுப்பும் முன்னால் நீ வாசித்தாயா, இல்லையா?

ஜீவராணி


22.01.2026

அக்கா,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாசித்தேன்.

ஜூலை மாதம் உங்கள் முதல் கடிதம் வந்த வாரமே வீட்டுப் பைலையும் கண்டுபிடித்தேன். என் மேசைக்கு அடுத்த அலுமாரியில் இருந்தது. இருபத்திரண்டு பெயரும் இருந்தன, பட்டித்திடலின் படமும் இருந்தது. தோட்ட நிர்வாகம் மரம் நட மூன்று இடம் காட்டியது. இரண்டு செங்குத்து, கன்று பிடிக்காது. பட்டித்திடல் என்றால் ஒரே மாதத்தில் முடிக்கலாம். "அங்க சனம் பிரச்சினை பண்ணுமா?" என்று தவிசாளர் கேட்டார். "எங்க அக்கா இருக்கிற லயம்தான் சேர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, அக்கா. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

மூன்றாவது தாளையும் தமிழில் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். இதைப் பார்த்தால் ஒருவரும் கையொப்பம் வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. கிழித்துவிட்டு ஆங்கிலத் தாளை வைத்தேன். நீங்கள் கொடுத்தால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் உங்களிடம் அனுப்பினேன். இத்தனை வருடமாக வராத வீடு இனியும் வரப்போவதில்லை, வராத வீட்டுக்காக வந்த வேலையை ஏன் விட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டகையாவது போடவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை.

போன வாரம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் எங்கள் சபைக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் உங்கள் கையொப்பங்களைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள், மக்கள் பங்களிப்பு என்று. கடைசியில் லெட்சுமி அக்காவின் பெருவிரல் அடையாளம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்தக் கடிதத்தைப் பெரட்டில் வாசியுங்கள். அழகன் அண்ணன் பொலிசுக்குப் போனாலும் சபைக்கு எழுதினாலும் நான் மறுக்கப் போவதில்லை. என் வேலை போகட்டும். வந்து என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

சுதாகரன்


08.02.2026

சுதாகரனுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் இடுப்பிலேயே வைத்திருந்தேன். மச்சான் வாசிக்க வேண்டாம் என்றார். "புள்ள படிச்ச படிப்பெல்லாம் வீணாப் போயிரும், கிழிச்சு அடுப்புல போடு" என்றார். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், அப்படித்தான் சொல்வார். எனக்கு மட்டும் ஆசையா உன் மானத்தை வாங்க? ஆனால் லெட்சுமியின் விரலை நீ பிடிக்கவில்லை, நான்தானே பிடித்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட என்மேல் அதிகமாக இருக்கிறது. இரண்டும் ஆறப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை பெரட்டில் வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒன்றும் விடாமல். கை தட்டினேன் என்று நீ எழுதிய இடத்தில் தாளை நீட்டிவிட்டேன். தனுஜா வாங்கி மிச்சத்தை வாசித்தாள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொன்னாய். ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. கத்துவார்கள், என் முகத்தில் துப்புவார்கள், டவுனுக்கு பஸ் பிடிப்பார்கள் என்று நினைத்துத்தான் நின்றேன். அழகன் அண்ணன் மட்டும், "எழுதிட்டானா, சரி" என்றார். "பொலிசுல சொல்லி என்னா ஆகப் போவுது, அந்தத் தாள அவனுங்களும் நம்மகிட்ட இங்கிலீசுலதான் காட்டுவானுங்க" என்றார். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவ்வளவுதான்.

கண்டாக்கு ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் போவுது, பேரைக் கொடுங்க" என்றார். கொழுந்து இல்லாத மாதம், வேலையே சில பேருக்குத்தான். தேயிலை மலைக்கு மருந்தடிக்க ஆறு ஆண்கள். பட்டித்திடலில் கன்றுகளைச் சுற்றிப் புல் வெட்டப் பன்னிரண்டு பெண்கள், சபையின் திட்ட வேலை. என் பேரையும் வாசித்தார்கள். நான் போக மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போகாவிட்டால் அன்றைக்கு மண்டபத்தில் அடுப்பு எரியாது. போனேன். எல்லோரும் போனார்கள்.

சாயங்காலம்வரை குனிந்து வெட்டினோம். ஒருத்தியும் வேண்டுமென்று ஒரு கன்றைக்கூட வெட்டவில்லை. வெட்டினால் பேர் கிடைக்காது, கூலியும் கிடைக்காது.

கன்றுகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன. இடுப்பளவு வந்துவிட்டன, ஒன்றுகூடச் சாகவில்லை. உன் அறிக்கைக்கு அது தேவைப்படும், எழுதிக்கொள்.

ஜீவராணி